பூளைப்பூவும் ஒன்பது மில்லிமீட்டரும்

பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்தும்போது சேம்பின் காம்பு ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போவது என் வழக்கம். மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் செல்லுக்குள் ஊசிக்கட்டுகள் போலப் படிகங்கள் தெரியும். கால்சியம் ஆக்சலேட். சேப்பங்கிழங்கு நாக்கை அரிப்பது இந்த ஊசிகளால்தான் என்று சொல்லி, புளி ஊற்றி வேகவைக்கும் அம்மாக்களைப் பாராட்டி, மணி அடிப்பதற்குள் பாடத்தை முடித்துவிடுவேன். இப்படிப் பத்துப் பதினைந்து வருடம் நடத்திக்கொண்டிருந்தவளின் சிறுநீரகத்துக்குள் அதே பொருள் கல்லாக வளர்ந்துகொண்டிருந்தது.

முதல் வலி 2015 சித்திரையில் வந்தது. இரவு இரண்டு மணி இருக்கும். வலது விலாவுக்குக் கீழே யாரோ கைவிட்டுப் பிசைவது போல ஆரம்பித்து, அடிவயிற்றுக்கு இறங்கி, தொடை இடுக்கில் போய் நின்றது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். பிரசவ வலிக்கு நடுவில் மூச்சு விட இடைவெளி கிடைக்கும். இதில் அதுவும் இல்லை. வாயுப் பிடிப்பு என்று நினைத்து அத்தை ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அதையும் வாந்தி எடுத்தேன். விடிந்ததும் ஈரோட்டுக்குக் கூட்டிப்போய் ஊசி போட்ட பிறகுதான் மனிதர்கள் முகம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் கல். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். அது மூன்று இடங்களில் குறுகும். மேலே தொடங்கும் இடம், இடுப்பில் பெரிய இரத்தக் குழாயைத் தாண்டும் இடம், கீழே சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். என் கல் மூன்றாவது இடத்துக்குச் சற்று மேலே வந்துவிட்டது. "பெரும்பாலும் தானாக வந்துவிடும். தண்ணீர் குடியுங்கள், மூன்று வாரத்தில் மறுபடி ஸ்கேன்" என்றார் மருத்துவர். குழாயைத் தளர்த்த இரவில் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் அத்தை வாய்க்கால் மேட்டிலிருந்து ஒரு கட்டுப் பூளைப்பூவை வேரோடு பிடுங்கிவைத்துக் காத்திருந்தார். வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துப் போகியன்று நாங்கள் கூரையில் செருகும் அதே பூளைப்பூ. மருந்துக் கடையில் சிறுபீளை, சிறுகண்பீளை என்பார்கள். "காப்புக் கட்டுகிற செடி காப்பாற்றாமல் விடுமா?" என்பது அத்தையின் வாதம். மாமியாரிடம் தாவரவியல் பேசி ஜெயிக்க முடியாது. ஒரு கைப்பிடிச் சமூலம், அதாவது வேர் முதல் பூ வரை முழுச்செடி, நான்கு தம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு தம்ளராக வற்ற வைத்துக் காலையில் கொடுத்தார். பதினோரு மணிக்கு வாழைத்தண்டுச் சாறு. நடுநடுவே பார்லிக் கஞ்சி.

எட்டாம் நாள் கல் வந்தது. டீ வடிகட்டியில் பிடித்தேன். உடைந்த துவரம்பருப்பு நொய் மாதிரி, பழுப்பு நிறத்தில், ஒரு பக்கம் மட்டும் முரடாக. இதற்காகவா இவ்வளவு பாடு என்று எரிச்சலாக இருந்தது. வேலியோரம் வீசிவிட்டேன். அதை ஒரு காகிதத்தில் மடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். எந்தப் பொருளால் ஆன கல் என்று தெரியாமல் அடுத்த கல்லைத் தடுக்கப் பார்ப்பது, எந்தப் பூச்சி என்று பாராமல் மருந்தடிப்பதைப் போன்றதுதான்.

"டீச்சருக்கே பூளைப்பூவில் கல் போய்விட்டது" என்று ஊர் பேசியது. நானும் மறுக்கவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் கேட்டவர்களுக்கெல்லாம் செய்முறை சொன்னேன், சிலருக்கு உலர்த்தியும் கொடுத்தேன். குழாயின் கீழ்ப்பகுதிக்கு வந்துவிட்ட 4 மில்லிமீட்டர் கல் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் வெளியேறிவிடும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே அது உறைக்கவில்லை. என் கல்லை வெளியே தள்ளியது மாத்திரையா, தண்ணீரா, பூளைப்பூவா, வாழைத்தண்டா? ஒரே ஆளை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரு தொட்டிக்கு உரம் போட்டால் பக்கத்துத் தொட்டியை உரமில்லாமல் விட்டுவைத்துத்தான் உரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். என் வயிற்று விஷயத்தில் அந்தப் பாடம் மறந்துபோனது.

கல் ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுக்குள் மறுபடியும் வரும். எனக்கு ஆறே ஆண்டில் வந்தது. இந்த முறை இடது பக்கம், முதுகில் மந்தமான வலி. 9 மில்லிமீட்டர். சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. "இந்த அளவு, இந்த இடம் என்றால் தானாக வருவது கடினம். ஒரு மாதத்துக்கு மேல் விடாதீர்கள்" என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். எனக்குக் காதில் விழுந்தது "ஒரு மாதம்" மட்டும்.

நாட்டு மருந்துக் கடையில் சிறுபீளை, சிறுநெருஞ்சில், மாவிலங்கப்பட்டை, மூக்கிரட்டை வேர் என்று ஒரு பை நிறைய வாங்கினேன். போன தடவை ஒரு வேளை குடித்ததற்கே 4 மில்லிமீட்டர் போனது. மூன்று வேளை குடித்தால் 9 போகும் என்பது என் கணக்கு. கணக்கு ஆசிரியர் யாரிடமாவது காட்டியிருந்தால் அவரே சிரித்திருப்பார். வாட்ஸ்அப்பில் வந்த யோசனைப்படி ரணகள்ளி இலையையும் வெறும் வயிற்றில் நான்கு நாள் மென்றேன். அதில் இருக்கும் பூஃபாடையீனோலைடு வகை வேதிப்பொருள்கள் இதயத்தைத் தாக்கக்கூடியவை. அந்த இனத்துச் செடிகளைத் தின்ற மாடுகள் ஆஸ்திரேலியாவில் செத்திருக்கின்றன. இதைப் பின்னால் படித்தபோது கை நடுங்கியது.

இரண்டாவது வாரம் வலி நின்றது. சுத்தமாக. கரைந்துவிட்டது என்று முடிவு செய்து, மறு ஸ்கேனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். ஏழாவது வாரம் விடுதியிலிருந்து வந்த மகள், "அம்மா, வலி போனதற்கு ரிப்போர்ட் இருக்கிறது, கல் போனதற்கு எங்கே ரிப்போர்ட்?" என்று கேட்டாள். அவள் நச்சரிப்புக்காகத்தான் போனேன்.

கல் போட்ட இடத்தில் அப்படியே இருந்தது. இடது சிறுநீரகம் நீர் கோத்து வீங்கியிருந்தது.

வலி ஏன் நின்றது என்று கேட்டேன். குழாய் திடீரென்று அடைபட்டுச் சிறுநீரகம் விம்மும்போதுதான் அந்தக் கொடும் வலி. அடைப்பு அப்படியே நீடித்தால் சிறுநீரகம் நீரைச் சுரப்பதையே குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிகிறது, வலியும் தணிகிறது. நான் குணம் என்று நினைத்த அமைதி, அந்த உறுப்பு வேலையைக் குறைத்துக்கொண்ட அமைதி. இத்தனைக்கும் நடுவில் மூன்று வேளையும் சிறுநீர் பெருக்கும் கஷாயத்தைக் குடித்து, அடைபட்ட மதகுக்குப் பின்னால் மேலும் மேலும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வாய்க்கால் ஊர்க்காரிக்கு இது யாரும் விளக்காமலே புரிந்திருக்க வேண்டும்.

சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை நுழைத்து லேசரால் உடைத்தார்கள். உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அனுப்பினார்கள். அது இருந்த மூன்று வாரமும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறுநீர் வருவது போலவே இருக்கும். மாடிப்படி ஏறினால் இடுப்பில் சுருக்கென்று இழுக்கும். அதைச் சொன்ன தேதியில் எடுத்துவிட வேண்டும். மறந்தவர்களுக்கு அந்தக் குழாயின் மேலேயே கல் படிந்து, அதை எடுப்பது பெரிய அறுவையாகிவிடுகிறது. ஸ்டென்ட் வைத்த அன்றே எடுக்கும் தேதியை வீட்டில் இருவராவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை கல்லின் துணுக்குகளை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. கல் வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான். சிலருக்கு யூரிக் அமிலக் கல். சிறுநீரின் புளிப்பைக் குறைத்தால் அது உண்மையிலேயே கரையும், அதற்கு மருந்து இருக்கிறது. கிருமித் தொற்றால் வரும் கல் வேறு. கால்சியம் ஆக்சலேட்டோ ஒருமுறை கெட்டிப்பட்டால் கஷாயத்திலும் கரையாது, மாத்திரையிலும் கரையாது. சேம்பை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அந்த ஊசிகள் அப்படி ஒன்றும் மாயமாகிவிடுவதில்லை என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது.

பிறகுதான் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனேன். மருத்துவரைக் குறை சொல்லும் எண்ணத்தோடே போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் நாடி பார்ப்பதற்கு முன் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் எவ்வளவு என்றார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நீங்கள் குடித்தது மருந்துதான் டீச்சர். எந்தக் கல்லுக்கு, எந்த இடத்தில் இருக்கும் கல்லுக்கு என்று யாரிடம் கேட்டுக் குடித்தீர்கள்? கல்லடைப்பு என்று பெயர் வைத்தவர்களுக்கு அடைப்புதான் ஆபத்து என்று தெரியும். கரைக்கிறது என்ற பேச்சை விடுங்கள். நீரைப் பெருக்கும், வழியை இளக்கும், புதிதாகச் சேராமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான்" என்றார்.

அதற்குப் பின் ஒரு கோடை விடுமுறை முழுவதும் அந்தச் செடிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மாவிலங்கப்பட்டையில் லூப்பியால் என்ற பொருள் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1990களில் எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில், ஆக்சலேட்டால் சிறுநீரகத் திசுவுக்கு வரும் சேதம் குறைந்தது. வாழைத்தண்டுச் சாற்றையும் அதே காலத்தில் சென்னையில் எலிகளிடம் சோதித்திருக்கிறார்கள். சிறுநீரில் ஆக்சலேட் இறங்கியிருக்கிறது. நெருஞ்சிலில் சப்போனின்கள் என்ற, சோப்பு போல நுரைக்கும் பொருள்களும் பொட்டாசிய உப்புகளும் உண்டு. சிறுநீர் கூடுதலாகப் பிரிவதற்கு அவைதாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன. யானை நெருஞ்சில் வேறு செடி. அதன் தழையைத் தண்ணீரில் நாலு சுழற்றுச் சுழற்றினால் தண்ணீர் முட்டையின் வெள்ளைக் கரு போலக் கொழகொழவென்று ஆகிவிடும். வகுப்பில் செய்துகாட்டினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். சிறுநீர் எரிச்சலுக்கு அது இதமாக இருக்கும் என்பது அனுபவம். கல்லோடு அதற்கு என்ன பேச்சு என்பது வேறு விஷயம்.

இந்த வரிசையில் மனிதர்களிடம் ஓரளவு ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது, யாரும் எனக்குச் சொல்லாத கீழாநெல்லி. நாம் அதை மஞ்சள் காமாலைக்கு ஒதுக்கிவைத்துவிட்டோம். பிரேசிலில் அந்த இனத்துச் செடிக்குக் 'கல்லுடைப்பான்' என்று பொருள்படும் பெயரே இருக்கிறது. அங்கு நடந்த ஆய்வில், சிறுநீரில் கால்சியம் அதிகம் போகிறவர்களுக்கு அது குறைந்ததாகக் கண்டார்கள். இத்தாலியில், அதிர்வலையால் கல்லை உடைத்த பிறகு அதைக் கொடுத்தபோது, சிறுநீரகத்தின் கீழ்க் கிண்ணத்தில் தங்கும் துணுக்குகள் கூடுதலாக வெளியேறின. அங்கே கல்லை உடைத்தது கருவி என்பதைக் கவனியுங்கள். செடி கூட்டிப் பெருக்கியது. நம் வயலில் முளைக்கும் கீழாநெல்லி பெரும்பாலும் பிரேசில் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்பதையும் தாவரவியல்காரி என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது பூளைப்பூதான். அது அமராந்தேசியே குடும்பம், தண்டுக்கீரையின் உறவு. ஆக்சலேட்டுக்குப் பேர்போன குடும்பம். இதை நான் தேர்வுக்குக் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன், ஆனால் என் தம்ளரில் பொருத்திப் பார்த்ததில்லை. இலங்கையில் இதே செடியைப் பொல்பலா என்று தேநீர் போலக் குடிப்பார்கள். அங்கே அளவுக்கு மீறிக் குடித்தவரின் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் படிந்து அது செயலிழந்ததை மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று நம்பிப் பிலிம்பிக்காய்ச் சாற்றைக் குடித்தவர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. நான் ஏழு வாரம், மூன்று வேளை, கைப்பிடி கைப்பிடியாக. கைப்பிடி என்பது ஒரு அளவா? என் கையா, அத்தை கையா?

மாமனாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. எனக்கு வடித்ததில் அவரும் தினம் அரைத் தம்ளர் எடுத்துக்கொண்டிருந்தார், "நல்லதுதானே" என்று. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கும், சில வகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பில் தேங்கும்; அது இதயத் துடிப்பையே குலைக்கும். சித்த மருத்துவர் சொல்லித்தான் அவருடைய தம்ளரைப் பிடுங்கினேன். நண்டுக்கல் பற்பம் மாதிரி, தாதுப் பொருள்களைப் புடம் போட்டுப் பொடியாக்கிய பற்பம், சுண்ணம் எல்லாம் கடையில் கேட்டு வாங்கித் தின்கிற பொருளே அல்ல என்றும் அவர் சொன்னார். கல்லோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால், சிறுநீர் வராமல் நின்றால், ஒற்றைச் சிறுநீரகக்காரராக இருந்தால், கர்ப்பிணியாக இருந்தால் தன்னிடம்கூட வர வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும் என்றார். அதன் பிறகுதான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

அவர் ஆறு வாரத்துக்கு அளந்து ஒரு குடிநீர்ச் சூரணம் கொடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். இப்போது நான் எந்தக் கஷாயமும் குடிப்பதில்லை.

சாப்பாட்டில் நான் செய்த பெரிய பிழை தயிரை நிறுத்தியது. கால்சியக் கல் என்றதும் பால், தயிர் எல்லாம் எதிரி என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், எனக்கும் நியாயமாகப் பட்டது. நடப்பது நேர்மாறு. சோற்றோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட் தனியாக இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்கு வரும். இத்தாலியில் கல் வந்த 120 ஆண்களை ஐந்து ஆண்டு கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். கால்சியத்தை வழக்கம்போல வைத்து உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். ஆகவே தயிர் திரும்பி வந்தது, ஊறுகாயும் அப்பளமும் போயின. பாலக் கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி ஆகியவற்றைக் குறைத்தேன். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் இன்னும் தக்காளி விதையை எடுத்துவிட்டுச் சமைக்கிறார்கள். விதை போய்க் கல்லாகாது. தக்காளியில் ஆக்சலேட்டும் பெரிதாக இல்லை.

எலுமிச்சை தினமும் உண்டு. அதன் சிட்ரேட் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும். சர்க்கரையும் உப்பும் கொட்டாமல் குடிக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

ஆனால் என் நோயின் வேர் இங்கேயெல்லாம் இல்லை. ஊரில் எல்லோரும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் மேல் பழி போடுவோம். கடினத் தண்ணீருக்கும் கல்லுக்கும் உறுதியான தொடர்பு காட்டப்படவில்லை. எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கேள்வி. மருத்துவர் ஒரு நாள் முழுக்க வரும் சிறுநீரை அளந்துவரச் சொன்னார். இரண்டரை லிட்டர் இருக்க வேண்டுமாம். எனக்கு 800 மில்லி. காலையில் ஒரு காபி, மதியம் சாப்பாட்டோடு ஒரு தம்ளர், மாலை வீடு வந்த பிறகுதான் தண்ணீர். காரணம் வெட்கத்தோடு சொல்லவேண்டியது: நான் வேலை பார்த்த இடங்களில் ஆசிரியைகளுக்கான கழிப்பறை நுழைய முடியாதபடி இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் வராது. போகாமல் இருப்பதற்காகக் குடிக்காமல் இருப்போம். நான் மட்டுமல்ல, ஓய்வறையில் இருந்த ஒன்பது பெண்களும் அப்படித்தான். பேருந்து நடத்துநர்கள், ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண்கள், யாரைக் கேட்டாலும் இதே கதை. பூளைப்பூவைப் பற்றி இவ்வளவு பேசிய எங்கள் ஓய்வறையில் ஒரு நாளும் கழிப்பறையைப் பற்றிப் பேச்சு எழுந்ததில்லை.

இப்போது பேசினோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குழாயைச் சரிசெய்து, தாழ்ப்பாள் வைத்து, சாவியை எங்களிடமே வைத்துக்கொண்டோம். மூன்றாவது பாடவேளை முடிந்ததும் ஒரு பாட்டில், மதியத்துக்கு மேல் ஒரு பாட்டில், வீட்டில் மிச்சம். நிறம் வெளிறிய வைக்கோல் போல இருந்தால் போதும். அடர் மஞ்சள் என்றால் இன்னும் ஒரு தம்ளர். இரவு படுக்கும்முன் ஒரு தம்ளர் குடித்துவிட்டு நடுநிசியில் ஒருமுறை எழுந்திருப்பது தொல்லைதான், பழகிவிட்டது. ஆண்டுக்கொரு ஸ்கேன். போன தை வரைக்கும் புதுக் கல் இல்லை.

போகிக்குப் பூளைப்பூ கட்டுவதை விடவில்லை. போன மாதம் தோட்டத்துக்காரர் வீட்டு அக்கா வந்து, இடுப்பில் வலி, கல் என்று சொல்லிவிட்டார்கள், அந்தச் செடியைக் கொஞ்சம் கொடு என்று கேட்டார். எத்தனை மில்லிமீட்டர் என்றேன். தெரியவில்லை என்றார். வீட்டுக்குக் கூடவே போய் ரிப்போர்ட்டைப் பார்த்தேன்: 5 மில்லிமீட்டர், குழாயின் கீழ்ப்பகுதி, வீக்கம் இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை விடாமல் போடச் சொன்னேன். அத்தை கொடுத்தனுப்பிய செடியைப் பிடுங்கிக்கொள்ள மனம் வரவில்லை. பாதியை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் போதும், அதுவும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு என்றேன். வலி நின்றாலும் போக வேண்டும் என்று சொல்லி, அவர் வீட்டு நாட்காட்டியில் மறு ஸ்கேன் தேதியைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு வந்தேன். அந்தத் தேதி நாளைக்கு. வலி நின்று பத்து நாளாகிறது, எதற்குப் போகவேண்டும் என்று நேற்று வேலியோரம் நின்று கேட்டார். காலையில் முதல் பஸ்ஸுக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.